ஸ்பானிஷில் ‘பேசாதே’, ‘சாப்பிடாதே’ என்று சொல்வது எப்படி: ஒழுங்கு வினைகளுக்கான ஒரே விதி

ஸ்பானிஷ் கற்கத் தொடங்கியவர்கள் ‘பேசு’, ‘சாப்பிடு’, ‘எழுது’ என்று சொல்ல சீக்கிரமே பழகிவிடுகிறார்கள். ஆப்லா, கோமே, எஸ்க்ரீபே. அவ்வளவுதான். அடுத்து ‘பேசாதே’ என்று சொல்ல வேண்டி வந்ததும், முன்னால் ஒரு ‘நோ’ போட்டால் போதும் என்று நினைத்து ‘நோ ஆப்லா’ என்கிறார்கள். இது கட்டளையே இல்லை. ‘அவர் பேசுவதில்லை’ என்ற சாதாரண வாக்கியம் அது. எதிரே நிற்பவர் ‘யார் பேசுவதில்லை?’ என்று திருப்பிக் கேட்டால் அவர்மேல் குற்றமில்லை.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இந்த இடம் உண்மையில் கடினமாக இருக்கக் கூடாது. ‘பேசு’ என்பதை எதிர்மறையாக்க நாம் அதன் முன்னால் ‘இல்லை’ சேர்ப்பதில்லையே, வினையின் வடிவத்தையே மாற்றுகிறோம்: பேசாதே, பேசாதீர்கள். ஸ்பானிஷும் இதையே செய்கிறது, ஆனால் இரண்டு வேலையாக: முன்னால் ‘நோ’ வர வேண்டும், கூடவே வினையின் விகுதியும் மாற வேண்டும். இரண்டில் எதை விட்டாலும் வாக்கியம் வேறு எங்கோ போய்விடும்.

ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். இங்கே ஸ்பானிஷ் சொற்களைத் தமிழ் எழுத்தில்தான் தருகிறேன். ஸ்பானிஷில் குறில், நெடில் என்ற வேறுபாடு கிடையாது. ஆனால் இந்தப் பாடம் முழுவதும் விகுதியில் வரும் ஆ, ஏ என்ற இரண்டு உயிரெழுத்துகளின் மேல்தான் நிற்கிறது என்பதால், அவை பளிச்சென்று கண்ணில் படட்டும் என்று நெடிலாகவே எழுதுகிறேன். உச்சரிக்கும்போது இழுக்காமல் சொல்லுங்கள். ‘ஆப்லார்’ என்ற சொல்லை எழுதும்போது தொடக்கத்தில் ‘ஹெச்’ இருக்கும், அதற்கு ஒலி இல்லை. சரியான ஒலியை ஏதாவது ஒரு நல்ல அகராதியின் ஒலிப்பதிவில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

விதி இதுதான்

ஸ்பானிஷ் வினைகள் மூன்று குடும்பம்: ஆர் என்று முடிபவை, ஏர் என்று முடிபவை, ஈர் என்று முடிபவை. ஆப்லார் என்றால் பேசுதல், கோமேர் என்றால் சாப்பிடுதல், எஸ்க்ரிபீர் என்றால் எழுதுதல்.

முதலில் ‘நான்’ என்பதற்கான நிகழ்கால வடிவத்தை எடுங்கள். ஆப்லோ (பேசுகிறேன்), கோமோ (சாப்பிடுகிறேன்), எஸ்க்ரீபோ (எழுதுகிறேன்). மூன்றும் ஓ என்ற ஒலியில் முடிகின்றன. அந்த ஓ-வை வெட்டிவிடுங்கள். மீதி இருப்பது ஆப்ல், கோம், எஸ்க்ரீப்.

இப்போது விகுதியைச் சேர்க்க வேண்டும், அதில்தான் தலைகீழ் மாற்றம். ஆர் குடும்பத்துக்கு ஆ-தான் இயல்பான உயிர், அதை எடுத்துவிட்டு ஏ போடுங்கள். ஏர், ஈர் குடும்பங்களுக்கு ஏ இயல்பான உயிர், அதை எடுத்துவிட்டு ஆ போடுங்கள். கடைசியாக முன்னால் நோ.

நண்பரிடமோ குழந்தையிடமோ, அதாவது ‘நீ’ என்று அழைக்கும் ஆளிடம் (ஸ்பானிஷில் ‘தூ’) சொன்னால்:

நோ ஆப்லேஸ்: பேசாதே
நோ கோமாஸ்: சாப்பிடாதே
நோ எஸ்க்ரீபாஸ்: எழுதாதே

மரியாதையாக ஒருவரிடம் (‘உஸ்தேத்’) சொன்னால் கடைசி ‘ஸ்’ போய்விடும்: நோ ஆப்லே, நோ கோமா, நோ எஸ்க்ரீபா. பலரிடம் (‘உஸ்தேதேஸ்’) சொன்னால் ஒரு ‘ன்’ சேரும்: நோ ஆப்லேன், நோ கோமான், நோ எஸ்க்ரீபான்.

தமிழில் ‘நீங்கள்’ என்ற ஒரே சொல் மரியாதைக்கும் பன்மைக்கும் உதவுகிறது, ‘பேசாதீர்கள்’ என்று ஒரு பெரியவரிடமும் சொல்லலாம், ஒரு கூட்டத்திடமும் சொல்லலாம். ஸ்பானிஷில் அது நடக்காது. ஒரு பெரியவரிடம் ‘நோ ஆப்லேன்’ என்றால் அவருக்குப் பின்னால் இன்னும் யாரோ நிற்பதாக ஆகிவிடும். தமிழ்க் காதுக்கு இந்த இடம் வழுக்கும், கவனமாக இருங்கள்.

‘நாம் பேச வேண்டாம்’ என்று நம்மையும் சேர்த்துச் சொல்ல: நோ ஆப்லேமோஸ், நோ கோமாமோஸ், நோ எஸ்க்ரிபாமோஸ். ‘நாம் பேசுவோம், வா’ என்பதற்கு ‘வாமோஸ் ஆ ஆப்லார்’ என்று ஒரு சுலபமான வழி உண்டு, பேச்சில் அதைத்தான் அதிகம் கேட்பீர்கள். ஆனால் அதன் முன்னால் நோ போட்டு எதிர்மறையாக்க முடியாது, ‘நோ வாமோஸ் ஆ ஆப்லார்’ என்றால் ‘நாங்கள் பேசப் போவதில்லை’ என்ற தகவலாக மாறிவிடும். எனவே எதிர்மறையில் ‘நோ ஆப்லேமோஸ்’ தவிர வேறு வழி இல்லை, அதை நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள்.

ஸ்பெயினில் நண்பர்கள் பலரிடம் பேசும்போது ‘வொசோத்ரோஸ்’ என்று இன்னொரு முன்னிலை உண்டு. அதற்கு நோ ஆப்லேய்ஸ், நோ கோமாய்ஸ், நோ எஸ்க்ரிபாய்ஸ். எழுதும்போது ஏ, ஆ மேல் அழுத்தக்குறி வரும். லத்தீன் அமெரிக்கா முழுவதும் இந்த இடத்தில் உஸ்தேதேஸ்தான், நண்பர்கள் என்றாலும் சரி, அந்நியர்கள் என்றாலும் சரி. மெக்ஸிகோவையோ கொலம்பியாவையோ மனதில் வைத்துக் கற்பவர்கள் வொசோத்ரோஸ் வடிவத்தைக் கேட்டால் புரியும் அளவுக்குத் தெரிந்துகொண்டால் போதும் என்பது என் கருத்து. முதல் மாதத்தில் அதற்காக நேரம் செலவழிக்காதீர்கள்.

அர்ஜென்டினா, உருகுவே, பராகுவே, மத்திய அமெரிக்காவின் பெரும்பகுதி ஆகிய இடங்களில் ‘தூ’வுக்குப் பதிலாக ‘வோஸ்’ என்கிறார்கள். அங்கே ‘பேசு’ என்பதற்கு ஆப்லா என்ற அதே சொல்லைக் கடைசி அசையில் அழுத்திச் சொல்வார்கள். எதிர்மறைக்கு நோ ஆப்லேஸ் என்ற பொது வடிவமும் கேட்கும், அதையே கடைசி அசையில் அழுத்திச் சொல்வதும் கேட்கும். நீங்கள் பொது வடிவத்தைச் சொன்னால் எல்லா ஊரிலும் புரியும்.

ஏன் இந்தத் தலைகீழ்

இலக்கணக் காரணம் தெரியாமலும் இதைப் பேசிவிடலாம். தெரிந்தால் மனதில் நிற்கும் என்பதால் சொல்கிறேன். ஸ்பானிஷில் ஏவலுக்கென்றே தனியாக உள்ள வடிவங்கள் மிகக் குறைவு: தூ, வோஸ், வொசோத்ரோஸ் ஆகியவற்றுக்கான நேர்மறைக் கட்டளைகள் மட்டுமே (ஆப்லா, ஆப்லாத் போன்றவை). அந்த வடிவங்களை நோ-வோடு சேர்க்கவே முடியாது. எதிர்மறைக் கட்டளை எல்லாமே நிகழ்கால சப்ஜங்க்டிவ் என்ற வேறொரு வடிவத்திடமிருந்து கடன் வாங்கியவை. நடந்ததை, நடப்பதை அப்படியே சொல்ல ஒரு வடிவம், விருப்பம், வேண்டுகோள், சந்தேகம் போன்ற இன்னும் நடக்காதவற்றைச் சொல்ல இன்னொரு வடிவம் என்று ஸ்பானிஷ் பிரித்து வைத்திருக்கிறது. இரண்டாவதுதான் சப்ஜங்க்டிவ். ‘செய்யாதே’ என்பது நடக்கக் கூடாது என்ற விருப்பம்தானே, அதனால் அங்கே போய்ச் சேர்ந்தது.

இதனால் கற்பவருக்கு ஒரு பெரிய லாபம். மரியாதைக் கட்டளைகளும் (உஸ்தேத், உஸ்தேதேஸ்) அதே சப்ஜங்க்டிவிலிருந்து வருபவை என்பதால் அங்கே நேர்மறைக்கும் எதிர்மறைக்கும் வடிவம் ஒன்றே. ஆப்லே என்றால் பேசுங்கள், நோ ஆப்லே என்றால் பேசாதீர்கள். நோ மட்டும்தான் வேறுபாடு. எனவே உண்மையில் சிக்கல் இருப்பது ‘தூ’வில் மட்டும்தான் (ஸ்பெயினாக இருந்தால் வொசோத்ரோஸிலும்). ஆகவே உங்கள் பயிற்சி நேரத்தில் முக்கால்வாசியை ‘தூ’ வடிவத்துக்கே கொடுங்கள்.

‘தூ’வுக்கு ஒரு குறுக்குவழியும் உண்டு. நேர்மறைக் கட்டளையின் கடைசி உயிரெழுத்தை மாற்றி ஒரு ‘ஸ்’ சேர்த்தால் எதிர்மறை கிடைத்துவிடும். ஆப்லா, நோ ஆப்லேஸ். கோமே, நோ கோமாஸ். எஸ்க்ரீபே, நோ எஸ்க்ரீபாஸ். மீரா (பார்), நோ மீரேஸ் (பார்க்காதே). கோர்ரே (ஓடு), நோ கோர்ராஸ் (ஓடாதே). ஆப்ரே (திற), நோ ஆப்ராஸ் (திறக்காதே). ஒழுங்கு வினைகளுக்கு இது தவறாது. ஆனால் ‘நான்’ வடிவத்திலிருந்து வரும் வழியையும் கூடவே பழகுங்கள், ஏனென்றால் ஒழுங்கற்ற வினைகள் வரும்போது குறுக்குவழி கைவிட்டுவிடும், ‘நான்’ வழி பெரும்பாலும் கைவிடாது. அதைக் கீழே சொல்கிறேன்.

ஒரு உயிரெழுத்து மாறினால் என்ன ஆகும்

கற்பவர்கள் பலர், ‘ஆ-வோ ஏ-வோ, எப்படியும் புரிந்துகொள்வார்கள்’ என்று விட்டுவிடுகிறார்கள். புரிந்துகொள்ளத்தான் செய்வார்கள், ஆனால் வேறு எதையோ. ‘நோ கோர்ரேஸ்’ என்றால் ‘நீ ஓடுவதில்லை’. ‘நோ கோர்ராஸ்’ என்றால் ‘ஓடாதே’. ‘நோ ஆப்லாஸ்’ என்றால் ‘நீ பேசுவதில்லை’, இது ஒரு குறையாகக்கூடக் காதில் விழும். ‘நோ ஆப்லேஸ்’ என்றால் ‘பேசாதே’. ‘நோ ஆப்லாமோஸ்’ என்றால் ‘நாங்கள் பேசுவதில்லை’ அல்லது ‘நாங்கள் பேசவில்லை’, ‘நோ ஆப்லேமோஸ்’ என்றால் ‘நாம் பேச வேண்டாம்’. ஒரே ஒரு உயிர், அதுவே தகவலையும் கட்டளையையும் பிரிக்கிறது.

அழுத்தமும் இதே வேலையைச் செய்கிறது. ‘நோ ஆப்லே’ என்பதில் முதல் அசையான ஆப்-ஐ அழுத்தினால் ‘பேசாதீர்கள்’. கடைசி அசையான லே-யை அழுத்தினால், எழுத்தில் அதன் மேல் குறியும் இட்டால், அது ‘நான் பேசவில்லை’ என்ற இறந்தகாலம். கொம்ப்ரார் (வாங்குதல்) வினையிலும் இதே கதைதான்: ‘நோ கோம்ப்ரே’ முன்னால் அழுத்தினால் ‘வாங்காதீர்கள்’, பின்னால் அழுத்தினால் ‘நான் வாங்கவில்லை’. ஆர் குடும்பத்தின் எல்லா ஒழுங்கு வினைகளுக்கும் இது பொருந்தும். அதனால் வாய்விட்டுப் பயிற்சி செய்யும்போது முதலிலேயே அழுத்தத்தைச் சரியான இடத்தில் வைத்துப் பழகுங்கள், தப்பாகப் பழகியதைப் பிறகு திருத்துவது இரட்டை வேலை.

‘அதை’, ‘எனக்கு’, ‘உன்னை’ எங்கே வரும்

விகுதியைச் சரியாகப் பிடித்தவர்கள்கூடத் தடுமாறுவது இந்த இடத்தில்தான். ‘வாங்கு’ என்பதற்கு கோம்ப்ரா. ‘அதை வாங்கு’ என்பதற்கு, ‘அதை’ என்ற பொருளுள்ள ‘லோ’வை வினையின் வாலில் ஒட்ட வேண்டும்: கோம்ப்ராலோ. ஒரே சொல்லாக எழுத வேண்டும், அழுத்தம் பழைய இடத்திலேயே இருக்கிறது என்று காட்ட மேலே குறியும் போட வேண்டும். எதிர்மறைக்குப் போனால் ‘லோ’ வாலிலிருந்து கழன்று வினைக்கு முன்னால் வந்துவிடும்: நோ லோ கோம்ப்ரேஸ். நோ முதலில், குட்டிச் சொல் நடுவில், வினை கடைசியில். மூன்றும் தனித்தனிச் சொற்கள், கூடுதல் அழுத்தக்குறி எதுவும் தேவையில்லை. எழுதுவதற்கு எதிர்மறைதான் சுலபம்.

எஸ்க்ரீபேமே (எனக்கு எழுது), நோ மே எஸ்க்ரீபாஸ் (எனக்கு எழுதாதே). எஸ்பேராமே (எனக்காகக் காத்திரு), நோ மே எஸ்பேரேஸ் (எனக்காகக் காத்திருக்காதே).

இரண்டு குட்டிச் சொற்கள் வந்தால் ஆளைக் குறிப்பது முதலில், பொருளைக் குறிப்பது அடுத்து. ‘அதை எனக்கு விற்காதே’ என்றால் நோ மே லோ வேந்தாஸ். ‘அவருக்கு அதை விற்காதே’ என்று சொல்லும்போது மட்டும் ஒரு மாற்றம்: ‘அவருக்கு’ என்பதற்கான ‘லே’, ‘லோ’வுக்குப் பக்கத்தில் வந்தால் ‘ஸே’ ஆகிவிடும். எனவே நோ ஸே லோ வேந்தாஸ்.

தன்னைத்தானே குறிக்கும் வினைகளிலும் இதே ஒழுங்கு. லெவன்தார்ஸே என்றால் எழுந்திருத்தல். லெவான்தாதே (எழுந்திரு), நோ தே லெவான்தேஸ் (எழுந்திருக்காதே). உஸ்தேத் என்றால் நோ ஸே லெவான்தே, உஸ்தேதேஸ் என்றால் நோ ஸே லெவான்தேன், நாம் என்றால் நோ நோஸ் லெவன்தேமோஸ், ஸ்பெயினில் நோ ஓஸ் லெவன்தேய்ஸ். ஆள் மாறும்போது விகுதி மட்டுமில்லாமல் நடுவில் உள்ள சொல்லும் மாறுகிறது என்பதைப் பாருங்கள். விகுதியை மட்டும் மாற்றிவிட்டு நடுவில் ‘தே’வை அப்படியே விட்டால், ‘நீ’யும் ‘நீங்களும்’ கலந்த வாக்கியம் ஆகிவிடும்.

ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் ஒரு நாளைக்குப் பலமுறை சொல்லும் ‘நோ தே ப்ரெயோக்கூப்பேஸ்’ (கவலைப்படாதே) இந்த வகைதான். என்னைக் கேட்டால் இந்தப் பாடத்துக்கு மாதிரி வாக்கியமாக ஒன்றே ஒன்றை மனப்பாடம் செய்யச் சொல்வேன் என்றால் அது இதுதான், ஏனென்றால் நோ, நடுச்சொல், தலைகீழ் உயிர், ‘ஸ்’ நான்கும் அதில் இருக்கின்றன. பெரியவரிடம் நோ ஸே ப்ரெயோக்கூப்பே. பலரிடம் நோ ஸே ப்ரெயோக்கூப்பேன்.

எழுதும்போது மட்டும் மாறுபவை

சில வினைகள் காதுக்கு முழு ஒழுங்கு, ஆனால் எழுத்தில் ஒரு எழுத்து மாறும். தொக்கார் (தொடுதல்): தோக்கோ, நோ தோக்கேஸ். பகார் (பணம் செலுத்துதல்): பாகோ, நோ பாகேஸ். க்ருஸார் (கடத்தல்): க்ரூஸோ, நோ க்ரூஸேஸ். தமிழ் எழுத்தில் பார்க்கும்போது எந்த மாற்றமும் தெரியவில்லை அல்லவா? ஒலியில் மாற்றம் இல்லை, அதனால்தான். ஒலியைக் காப்பாற்றத்தான் எழுத்து மாறுகிறது. ‘சி’ எழுத்துக்கு ஆ, ஓ முன்னால் க ஒலி, ஏ முன்னால் வந்தால் ஸ ஒலி (ஸ்பெயினின் பெரும்பகுதியில் நாக்கு நுனியைப் பல்லிடையில் வைத்துச் சொல்லும் ஒலி). எனவே தொக்காரில் ‘சி’யை அப்படியே விட்டு ஏ சேர்த்தால் ‘தோஸேஸ்’ என்று படிக்க வேண்டியதாகிவிடும். அதைத் தவிர்க்க ‘சி’ இருந்த இடத்தில் ‘க்யூ, யு’ என்ற ஜோடி வருகிறது. எழுத்தில் ‘சி’யோடு கார் என்று முடியும் எல்லா வினைக்கும் இதுவே, பூஸ்கார் (தேடுதல்) உட்பட.

பகார், யெகார் (வந்துசேர்தல்) போன்றவற்றில் ‘ஜி’ எழுத்து இருக்கிறது. ஏ முன்னால் அதன் ஒலி தொண்டையிலிருந்து வரும் ஹ ஆகிவிடும், அதனால் ‘ஜி’க்குப் பின்னால் ஒரு ‘யு’ சேர்த்து எழுதுகிறார்கள், அந்த ‘யு’வுக்கு ஒலி இல்லை. நோ யேகேஸ் தார்தே, தாமதமாக வராதே. க்ருஸாரில் ‘இஸட்’ இருந்த இடத்தில் ‘சி’ வரும், ஏனென்றால் ஸ்பானிஷ் எழுத்துமுறையில் ஏ, ஈ முன்னால் ‘இஸட்’ எழுதுவது அரிது. ஏர் குடும்பத்தில் ரெக்கொஹேர் (பொறுக்கி எடுத்தல்) போன்றவற்றில் ‘ஜி’, ‘ஜே’ ஆகும்: நோ ரெக்கோஹாஸ். பேசுவதற்கு மட்டும் கற்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். எழுதுகிறவர்கள் தாண்டக் கூடாது.

ஒழுங்கற்றவை வந்தால்

தலைப்பு ஒழுங்கு வினைகள்தான், என்றாலும் இதைச் சொல்லாமல் விட மனமில்லை. ‘தூ’வுக்கு நேர்மறைக் கட்டளையில் எட்டு வினைகள் விதிக்கு அடங்காமல் குறுகிப் போகும், அவற்றைத் தனியாக மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை. எதிர்மறையில் அந்த எட்டில் ஆறு நாம் மேலே பார்த்த அதே விதிக்குள் வந்துவிடுகின்றன! ‘நான்’ வடிவத்தை எடு, ஓ-வை வெட்டு, உயிரை மாற்று. தேங்கோ (வைத்திருக்கிறேன்), நோ தேங்காஸ். ஆகோ (செய்கிறேன்), நோ ஆகாஸ். சால்கோ (வெளியே போகிறேன்), நோ சால்காஸ். போங்கோ (வைக்கிறேன்), நோ போங்காஸ். வேங்கோ (வருகிறேன்), நோ வேங்காஸ். தீகோ (சொல்கிறேன்), நோ தீகாஸ். ‘நோ மே தீகாஸ்’ என்பது நேர்ப்பொருளில் ‘என்னிடம் சொல்லாதே’, ஆனால் பேச்சில் யாராவது புதுச் செய்தி சொன்னால் ‘அட, அப்படியா!’ என்று வியப்பதற்கும் இதைத்தான் சொல்வார்கள். கேட்டதும் வாயை மூடிக்கொள்ள வேண்டாம், தொடர்ந்து சொல்லுங்கள்.

விதியை மீறுபவை யாவை என்றால், ‘நான்’ வடிவம் ஓ-வில் முடியாத வினைகள். வெட்டுவதற்கு ஓ இல்லையே. அவற்றில் கட்டளையாகப் பயன்படுபவை: நோ ஸேயாஸ் (இப்படி இருக்காதே, குணத்தைச் சொல்லும்போது), நோ எஸ்தேஸ் (இப்படி இருக்காதே, நிலையைச் சொல்லும்போது), நோ வாயாஸ் (போகாதே), நோ தேஸ் (கொடுக்காதே). இவற்றை அப்படியே மனப்பாடம் செய்துவிடுங்கள். நடு உயிர் மாறும் வினைகள் சில உண்டு, செர்ரார் (மூடுதல்) என்பதில் ‘நான்’ வடிவம் சியேர்ரோ, எனவே நோ சியேர்ரேஸ். ஆனால் ‘நாம்’ என்று வரும்போது நோ செர்ரேமோஸ் என்று பழையபடி ஆகிவிடும். இப்போதைக்கு இவ்வளவு போதும்.

வாக்கியத்தை நீட்டுவது

தனியாக ‘ஓடாதே’ என்று சொல்வதைவிட ‘எதையும் தொடாதே’, ‘யாரிடமும் பேசாதே’ என்று சொல்வதுதான் அன்றாடம் அதிகம். இங்கே ஸ்பானிஷ் இரண்டு எதிர்மறைகளைச் சேர்த்தே வைக்கும், ஒன்றையொன்று அழிப்பதாக நினைக்க வேண்டாம். நோ தோக்கேஸ் நாதா, எதையும் தொடாதே. நோ ஆப்லேஸ் கோன் நாத்யே, யாரிடமும் பேசாதே. ‘ஒருபோதும்’ என்ற பொருளுள்ள ‘நூன்கா’ வினைக்கு முன்னால் வந்தால் மட்டும் நோ தேவையில்லை, ஆனால் தலைகீழ் உயிர் அப்படியே இருக்கும்: நூன்கா ஆப்லேஸ் அஸி, ஒருபோதும் இப்படிப் பேசாதே. இரண்டு கட்டளைகளைச் சேர்க்க நடுவில் ‘நி’: நோ கோர்ராஸ் நி க்ரீத்தேஸ், ஓடவும் வேண்டாம் கத்தவும் வேண்டாம். கவனியுங்கள், கொர்ரேர் ஏர் குடும்பம், க்ரித்தார் ஆர் குடும்பம், அதனால் ஒரே வாக்கியத்தில் ஒன்று ஆ-வுக்கும் மற்றொன்று ஏ-வுக்கும் போகிறது.

குரல் கடுமையாகிவிடுமோ என்று பயந்தால் ‘போர் ஃபவோர்’ (தயவுசெய்து) சேர்க்கலாம், அல்லது முன்னால் ‘மெஹோர்’ சேர்த்து ‘மெஹோர் நோ கோம்ப்ரேஸ் நாதா’ (எதுவும் வாங்காமல் இருப்பதே நல்லது) என்று அறிவுரையாக்கலாம்.

அறிவிப்புப் பலகைகளில் மட்டும் வேறு முறையைப் பார்ப்பீர்கள். ‘நோ ஃபுமார்’ (புகைபிடிக்காதீர்), ‘நோ தொக்கார்’ (தொடாதீர்) என்று வினையின் மூல வடிவமே இருக்கும். குறிப்பிட்ட ஆள் யாரையும் பார்த்துச் சொல்லாத பொது அறிவிப்பு என்பதால் அது சரி. 1713ல் தொடங்கப்பட்ட ஸ்பானிஷ் மொழி அமைப்பான ரியல் அகாதெமியா எஸ்பஞோலாவும் பலகைகளில் இதை ஏற்கிறது. அதைப் பார்த்துவிட்டு எதிரில் நிற்கும் நண்பரிடம் ‘நோ தொக்கார்’ என்று சொல்லக் கூடாது. ஆளிடம் சொன்னால் நோ தோக்கேஸ்தான்.

பயிற்சி

அட்டவணையைத் திரும்பத் திரும்ப எழுதுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வாயில் வராதது அட்டவணையில் இருந்து என்ன பயன்? ஒரு நேர்மறையும் ஒரு எதிர்மறையும் சேர்ந்த குட்டி வாக்கியங்களாகச் சொல்லிப் பழகுங்கள். ‘கோமே, நோ ஆப்லேஸ்’ (சாப்பிடு, பேசாதே). ‘ஆப்லா, நோ க்ரீத்தேஸ்’ (பேசு, கத்தாதே). ‘லேயே, நோ எஸ்க்ரீபாஸ்’ (படி, எழுதாதே). ‘எஸ்க்ரீபே, நோ லேயாஸ்’ (எழுது, படிக்காதே). வேகம் வந்ததும் இதையே உஸ்தேதுக்கு மாற்றுங்கள்: கோமா, நோ ஆப்லே. அப்புறம் உஸ்தேதேஸுக்கு: கோமான், நோ ஆப்லேன்.

கீழே ஆறு நேர்மறைக் கட்டளைகள். விடையைப் பார்க்காமல் எதிர்மறையாக்கிப் பாருங்கள்: கோம்ப்ரா எல் லீப்ரோ (புத்தகத்தை வாங்கு). கோம்ப்ராலோ (அதை வாங்கு). ஆப்ரா லா வென்தானா (ஜன்னலைத் திறங்கள், ஒருவரிடம்). லெவான்தாதே (எழுந்திரு). வேந்தேஸேலோ (அதை அவருக்கு விற்றுவிடு). என்த்ரேன் (உள்ளே வாருங்கள், பலரிடம்).

விடைகள்: நோ கோம்ப்ரேஸ் எல் லீப்ரோ. நோ லோ கோம்ப்ரேஸ். நோ ஆப்ரா லா வென்தானா. நோ தே லெவான்தேஸ். நோ ஸே லோ வேந்தாஸ். நோ என்த்ரேன். மூன்றாவதிலும் ஆறாவதிலும் வடிவம் மாறவே இல்லை என்று தயங்கியிருந்தால், உஸ்தேத், உஸ்தேதேஸ் பற்றி மேலே சொன்னதை இன்னொருமுறை படியுங்கள். ஐந்தாவதில் தடுமாறியிருந்தால் பரவாயில்லை, பெரும்பாலோருக்கு அதுதான் கடைசியில் வசப்படும்.

இவை சரளமாக வந்ததும் அடுத்த படியாக ‘கே’ என்ற சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். ஒருமுறை சொல்லியும் கேட்காதவரிடம் அழுத்தித் திரும்பச் சொல்ல: ‘கே நோ க்ரீத்தேஸ்!’ (கத்தாதே என்கிறேனே!). இன்னொருவர் சொன்ன கட்டளையைத் தெரிவிக்க: ‘தீஸே கே நோ கோர்ராஸ்’ (நீ ஓடக் கூடாது என்கிறார்). வடிவத்தில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. ‘கியேரோ கே நோ ஆப்லேஸ்’ என்றால் ‘நீ பேசக் கூடாது என்று விரும்புகிறேன்’, அதுவும் அதே ஆப்லேஸ்தான். பாடப்புத்தகங்களில் பல பக்கங்கள் எடுக்கும் சப்ஜங்க்டிவ் பகுதிக்கு வரும்போது அதன் விகுதிகள் உங்கள் வாயில் ஏற்கெனவே இருக்கும், எந்தச் சூழலில் பயன்படுத்துவது என்பதை மட்டும் கற்றால் போதும்.